சித்தியம் என்னும் சொல்லும் திராவிட ஒப்பியலில் அதன் மயக்கமும்

முன்னுரை

தமிழின் உறவுமொழிகள் யாவை என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல்களில் ‘சித்தியம்’ என்னும் சொல் தவறாது இடம்பெறுகிறது. திராவிட மொழிகள் சித்திய மொழிக்குடும்பத்தோடு உறவுடையன எனக் கால்டுவெல் கருதினார் என்பது, இலக்கிய வரலாற்று நூல்களிலும் மொழிநூல் அறிமுகங்களிலும் போட்டித்தேர்வுக் குறிப்புகளிலும் ஒற்றை வரிச் செய்தியாக வழங்கி வருகிறது. செய்தி பிழையானதன்று. ஆயின் அவ்வரியைப் படிக்கும் மாணவர், கருங்கடலுக்கு வடக்கே பரந்த புல்வெளிகளில் குதிரையூர்ந்து திரிந்த சித்தியர் என்னும் பண்டை நாடோடி மக்கள் பேசிய மொழியையே அது சுட்டுகிறது எனக் கொள்வாராயின், அவர் கொண்ட பொருள் முற்றிலும் பிழையாகும். அப்பிழையைத் தடுக்கும் குறிப்பு அவ்வரிக்கு அருகில் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

சித்தியம் என்னும் பெயர் கடந்த இரு நூற்றாண்டு ஆராய்ச்சியில் குறைந்தது நான்கு வேறு பொருள்களில் வழங்கியுள்ளது. ஒன்று, ஒரு மக்களின் வரலாற்றுப் பெயர். மற்றொன்று, மொழிகளை வகைப்படுத்த அறிஞர் இட்ட அடையாளப் பெயர். மூன்றாவது, பாரசீகப் பாறையொன்றில் பொறிக்கப்பட்ட, அக்காலத்தில் இன்னதென்று அறியப்படாத ஒரு மொழிக்கு இட்ட தற்காலிகப் பெயர். நான்காவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி எழுந்த இனவகைப் பெயர். இந்நான்கும் தமிழ் ஆய்வுரைகளில் ஒரே சொல்லாக வந்து கலந்துவிட்டன. இக்கலப்பை நீக்காத வரை, தமிழின் மொழியுறவு பற்றிய எக்கருத்தையும் ஏற்பதோ மறுப்பதோ உறுதியான அடிப்படை பெறாது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

வரலாற்றுச் சித்தியரும் அவர்தம் மொழியும்

சித்தியர் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் அசீரிய ஆவணங்களில் முதன்முதல் தெளிவாகக் காணப்படுகின்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் நான்காம் நூலில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவர்கள் தம்மைச் ‘சிகொலோதோய்’ என அழைத்துக்கொண்டனர் என்றும், பாரசீகர் சித்தியர் அனைவரையும் ‘சகர்’ என்றே அழைத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அசீரியப் பெயர், கிரேக்கப் பெயர், சித்தியர் தாமே இட்டுக்கொண்ட பெயர் ஆகிய மூன்றும் ஒரே மூலச்சொல்லின் திரிபுகள் என்றும், அம்மூலத்தின் பொருள் ‘வில்லாளர்’ என்றும் செமெரேனி 1980இல் நிறுவ முயன்றார். அக்கருத்தை ஈரானிய மொழியறிஞர் பலரும் ஏற்றுள்ளனர்.

கருங்கடல் வடகரைச் சித்தியர் தம் மொழியில் எழுதிய நூலோ நெடிய கல்வெட்டோ கிடைத்திலது. எனவே அவர்தம் மொழியை அறியத் துணைபுரிவன மக்கட்பெயர்கள், ஆற்றுப்பெயர்கள், கிரேக்க நூலாசிரியர் பொருளோடு தரும் சில சொற்கள் ஆகியனவே. இச்சான்றுகள் சிலவேயாயினும் பெரும்பாலும் ஒரு திசையையே காட்டுகின்றன. அமேசான் பெண்டிரைச் சித்தியர் ‘ஒயோர்பதா’ என வழங்கினர் என்றும், ‘ஒயோர்’ என்பது ஆடவனையும் ‘பதா’ என்பது கொல்லுதலையும் குறிக்கும் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகின்றார். இவற்றுள் முதற்சொல் அவெத்தாவிலும் வடமொழியிலும் ‘வீர’ என வழங்கும் சொல்லின் உறவு. அரியபெய்தெஸ் என்னும் சித்திய அரசன் பெயரின் முற்பகுதி ‘ஆரிய’ என்பதனோடு ஒத்துநிற்கிறது. டான், நீப்பர், நீஸ்டர் ஆகிய ஆற்றுப்பெயர்கள் ஆற்றைக் குறிக்கும் ‘தானு’ என்னும் பழைய ஈரானியச் சொல்லினின்று வந்தனவாகக் கொள்ளப்படுகின்றன. காக்கசஸ் மலைப்பகுதியில் இன்றும் வழங்கும் ஒசேத்திய மொழியில் ‘தொன்’ என்பதற்கு நீர், ஆறு என்றே பொருள். அம்மொழி சர்மாத்தியர், ஆலன்கள் வழிவந்தது. சர்மாத்தியரின் முன்னோரான சௌரொமாத்தியர் சித்திய மொழியையே திருத்தமின்றிப் பேசினர் என்னும் ஹெரோடோட்டஸின் குறிப்பும் ஈண்டு நினையத்தக்கது.

கிழக்கே வாழ்ந்த சகர் மொழிக்கு இதனினும் வலிய சான்று உண்டு. நடு ஆசியாவின் கோத்தான் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ஏடுகள், பிராமியின் ஒரு வகை எழுத்தில் எழுதப்பட்ட பௌத்த நூல்களையும் ஆவணங்களையும் கொண்டவை. அவற்றின் மொழி கிழக்கு ஈரானியக் கிளையைச் சேர்ந்தது என ஸ்டென் கோனோ, ஹெரால்டு பெய்லி முதலியோர் விரிவாக ஆராய்ந்து காட்டினர். அவ்வேடுகளில் ஒலிப்புடைய உரசொலியாகிய ‘ஸ’வை எழுதக் கையாளப்பட்ட தனித்த கூட்டெழுத்து முறை, மேலை இந்தியாவை ஆண்ட சத்திரபனாகிய சஷ்டனனுடைய தந்தையின் பெயரிலும் காணப்படுகிறது. இந்தியச் சகரும் கோத்தான் மொழியும் ஒரே மரபினர் என்பதற்கு இது நுண்ணியதொரு சான்று.

எனவே வரலாற்றுச் சித்தியர் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையைச் சார்ந்தது என்பதே இன்றைய அறிஞர்தம் பொதுக்கருத்து. புல்வெளிகளில் ஒரே மொழிதான் வழங்கியது என்பது இதன் பொருளன்று. தொலைகிழக்கு நோக்கிச் செல்லும் சித்தியர் ஏழு மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஏழு மொழிகளில் வணிகம் செய்தனர் என ஹெரோடோட்டஸே கூறுகின்றார். ஆயினும் சித்தியர் எனப் பெயர் பெற்றோரின் மொழி என்று சான்றுகளால் சுட்டக்கூடியது ஈரானியமே. அது வடமொழிக்கு நெருங்கிய உறவு. தமிழுக்கு அத்தகைய உறவு அன்று.

ராஸ்க்கும் கால்டுவெல்லும் வழங்கிய சித்தியம்

இவ்வாறிருக்க, கால்டுவெல் திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்தியது எங்ஙனம்? விடை, அவர் அப்பெயரை எங்கிருந்து பெற்றார் என்பதில் உள்ளது. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் (1787–1832) பின்னியம், துருக்கியம், மங்கோலியம் முதலிய, இந்தோ-ஐரோப்பியத்திற்குப் புறம்பான வட ஆசிய, ஐரோப்பிய மொழிகளை ஒரு பெருந்தொகுதியாக்கி அதற்குச் சித்தியம் எனப் பெயரிட்டார். திராவிட மொழிகளும் அத்தொகுதியைச் சாரக்கூடும் என முதலில் கருதியவரும் அவரே எனக் கால்டுவெல் குறிப்பிடுகின்றார். அக்காலத்தில் அதே தொகுதியை மாக்ஸ் முல்லர் ‘துரானியம்’ என்றார். பிறர் தாத்தாரியம், அல்தாயியம் என்றனர். தனித்தனி மொழியினத்தைச் சுட்டும் பெயர்களைக் காட்டிலும், அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயராகச் சித்தியம் பொருந்தும் எனக் கால்டுவெல் அதனைத் தெரிவு செய்தார்.

ஆகவே 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கம் பெற்ற ‘திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கண’த்தில் சித்தியம் என வரும் இடங்களில், கால்டுவெல்லின் கண்முன் நின்றவை பின்னிஷ், அங்கேரியம், துருக்கியம், மங்கோலியம் முதலிய மொழிகள். ஹெரோடோட்டஸ் தரும் சொற்களின்மேல் அவர் தம் ஒப்பீட்டைக் கட்டவில்லை. சொற்கள் ஒட்டுநிலையில் அமைதல், வேற்றுமையுருபுகள் பெயர்க்குப் பின் நிற்றல், பெயரடை பெயர்க்கு முன் நிற்றல், இணைப்பிடைச்சொற்களாலன்றி எச்சங்களால் தொடர் நீளுதல், தெலுங்கில் காணப்படும் உயிரொலி இயைபு போன்றன அவர் சுட்டிய ஒற்றுமைகள். அதே வேளையில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடும் திராவிடத்திற்குச் சில தொல்லுறவுகள் உண்டென்றும் அவர் கருதினார். சித்தியச் சார்பே மிகுதி என்பது அவர் முடிவு.

இம்முடிவின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. ராஸ்க் வகுத்த பெருந்தொகுதி ஒரு குடும்பமாக நிலைபெறவில்லை. பின்னியமும் அங்கேரியமும் யூரல் குடும்பமாயின. துருக்கியம், மங்கோலியம், துங்கூசியம் ஆகியன தம்முள் உறவுடைய ஒரே குடும்பமா என்பதே இன்று வழக்கிடப்படும் வினா. ஒட்டுநிலை அமைப்பு மட்டுமே பிறப்புறவுக்குச் சான்றாகாது என்பதும் ஒப்பியலின் அடிப்படை விதியாயிற்று. எனினும் கால்டுவெல்லின் கருத்து முற்றும் கைவிடப்படவில்லை. உடலுறுப்புப் பெயர்களைக் கொண்டு திராவிடத்தையும் யூரலியத்தையும் தாமஸ் பர்ரோ 1944இல் ஒப்பிட்டார். ஸ்டீபன் டைலர் 1968இல் சொல்லொப்புமைகளைத் தொகுத்தார். இவையும் பெரும்பாலோரின் உடன்பாட்டைப் பெறவில்லை. திராவிடம் பிற எக்குடும்பத்தோடும் உறவுடையதென ஐயமற நிறுவப்படவில்லை என்பதே கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட பெருநூலின் நிலைப்பாடு.

இவ்வாய்வுகளை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆயின் இவற்றுள் எதுவும் வரலாற்றுச் சித்தியரின் மொழியைப் பற்றியதன்று. ‘சித்தியக் கொள்கை’ என இவற்றுக்குப் பொதுப்பெயர் இடும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

பெஹிஸ்துன் பாறையின் இரண்டாம் மொழி

கால்டுவெல்லின் நூலில் சித்தியம் என்னும் பெயர் மற்றொரு பொருளிலும் வருகிறது. மேற்கு ஈரானிலுள்ள பெஹிஸ்துன் பாறையில், கி.மு. 520ஐ ஒட்டிப் பேரரசன் முதலாம் தாரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் பொறிக்கச் செய்தான். முதலாவது பழம்பாரசீகம், மூன்றாவது பாபிலோனியம். இரண்டாவது மொழி இன்னதென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தெளிவாகவில்லை. அப்பகுதியைப் படித்து வெளியிட்ட எட்வின் நாரிஸ், அதன் ஒட்டுநிலை அமைப்பைக் கண்டு அதனைச் ‘சித்தியப் படி’ எனப் பெயரிட்டார். கால்டுவெல் அப்பெயரையே ஏற்று, அம்மொழியைத் தம் கொள்கைக்குப் பழமையான சான்றாகக் கொண்டார். அதன் முன்னிலை ஒருமைப் பெயரான ‘நி’ தமிழின் ‘நீ’ என்பதனோடும், ‘இக்கி’ என்னும் உருபு திராவிட நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’, ‘கி’ ஆகியவற்றோடும் ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

பின்னர்ச் சூசா நகர அகழாய்வுகளில் கிடைத்த ஆவணங்கள் அம்மொழியின் வரலாற்றைத் துலக்கின. அது சித்தியர் மொழி அன்று. பாரசீகப் பேரரசுக்கு முன்பே தென்மேற்கு ஈரானில் தழைத்த ஈலாம் நாட்டு மொழி. கால்டுவெல் சித்தியம் எனக் கருதி ஒப்பிட்டது ஈலாமியமாக முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் டேவிட் மக்கால்பின் 1974 முதல் 1981 வரை வெளியிட்ட ஆய்வுகளில், ஈலாமியமும் திராவிடமும் ஒரே மூலத்தின் இரு கிளைகள் என்னும் கருதுகோளை முன்வைத்தார். அக்கருதுகோள் இன்றும் விவாதத்திற்குரியது. ஆயினும் அதன் முன்னோடியைத் தேடுவோர் கால்டுவெல்லின் நூலில் ‘ஈலாம்’ என்னும் சொல்லைத் தேடினால் காணமாட்டார். ‘சித்தியம்’ என்னும் பெயரின் கீழ்த்தான் காண்பார். பெயர்மயக்கத்தால் ஆராய்ச்சி வரலாறே மறைந்துபோதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அதே பாறையில் மெய்யான சித்தியனும் உளன். கூர்முனைக் குல்லாய் அணிந்து, தோற்ற அரசர் வரிசையின் இறுதியில் நிற்கும் சிற்பம் சகர் தலைவனாகிய ஸ்குங்காவுடையது. பிற்காலப் படையெடுப்பொன்றில் பிடிபட்ட அவன் உருவத்தைச் சேர்க்க இடம் போதாமையால், முன்னரே பொறிக்கப்பட்டிருந்த ஈலாமியப் பகுதியின் ஒரு பாகம் வெட்டி நீக்கப்பட்டது. ஈலாமிய வாசகம் வேறிடத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டது. சித்தியன் உருவத்திற்காக இடம்பெயர்ந்த அவ்வாசகமே பின்னாளில் சித்தியம் எனப் பெயர் பெற்றது. அச்சித்தியன் பேசிய மொழியில் அப்பாறையில் ஒரு தொடரும் இல்லை.

இனவகைப் பெயராகிய சித்தியம்

நான்காவது பொருள் மொழிநூலுக்குப் புறத்தே தோன்றியது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, தலை, மூக்கு அளவுகளைக் கொண்டு இந்திய மக்களை ஏழு வகையினராகப் பகுத்தார். அவற்றுள் ஒன்றுக்குச் ‘சித்திய-திராவிடம்’ எனப் பெயரிட்டு, மராட்டியப் பிராமணர், குன்பியர், குடகர் ஆகியோரை அதில் அடக்கினார். ஈண்டுச் சித்தியம் என்பது மேலை இந்தியாவில் குடியேறிய சகரின் குருதிக் கலப்பைக் குறிக்கும் ஊகம். கால்டுவெல்லின் சித்தியத்தோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. கால்டுவெல் வழக்கில் திராவிடம் தானே சித்தியத்தின் ஒரு பகுதி. ரிஸ்லியின் வழக்கில் சித்தியமும் திராவிடமும் கலக்கும் இரு வேறு பொருள்கள். ரிஸ்லியின் அளவீட்டு முறை பின்னர் மானிடவியலாரால் கைவிடப்பட்டது. எனினும் அவர் இட்ட பெயர் பழைய நூல்களின் வழி இன்றும் மேற்கோளாகப் பரவுகிறது.

இக்காலச் சூழலிலேயே தமிழர் தோற்றம் பற்றிய பல ஊகங்களும் எழுந்தன. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட தம் நூலில், தமிழர் தாமிரலிப்தி வழியாகத் தெற்கே வந்த மங்கோலிய இனத்தவர் எனக் கருதினார். மொழித்தொகுதிப் பெயரை இனப்பெயராகவும், இனப்பெயரைத் தாயகப் பெயராகவும் மாற்றிக்கொள்ளும் போக்கு அக்காலத்தில் அறிஞரிடையே பரவியிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அவர்களைக் குறைகூறுதற்கு இடமில்லை. அவர்கள் பெற்றிருந்த சான்றுகள் அத்தகையன. இன்றைய ஆய்வாளர்க்கு அக்காரணம் கூற இயலாது.

மயக்கத்தால் விளையும் இழப்பு

பெயரில் என்ன இருக்கிறது எனக் கேட்போர் இருக்கலாம். இம்மயக்கத்தால் விளையும் இழப்புகள் மூன்று.

முதலாவது, கால்டுவெல்லின் கருத்து அதன் நேர்மாறாகத் திரிகிறது. தமிழ் வடமொழியினின்று பிறந்ததன்று என்பதும், அது வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது என்பதும் அவர் நூலின் உயிர்நாடி. தமிழ் வரலாற்றுச் சித்தியரின் மொழியோடு உறவுடையது என அவர் கூறியதாகக் கொண்டால், தமிழை ஈரானியத்தின் வழியாக வடமொழியின் சுற்றத்திலேயே அவர் சேர்த்தார் என்றாகும். எதனை மறுக்க அவர் நூல் எழுதினாரோ அதனையே அவர் வாய்மொழியாக்குவது இப்பிழை.

இரண்டாவது, மறுப்பும் தன் இலக்கைத் தவறவிடுகிறது. சித்தியர் ஈரானிய மொழியினர் என்பதைக் காட்டி, எனவே கால்டுவெல்லின் கொள்கை வீழ்ந்தது என எழுதுவோர், அவர் கூறாத ஒன்றை மறுக்கின்றனர். கால்டுவெல்லை மறுக்க வேண்டுமாயின் யூரலிய, துருக்கிய ஒப்பீடுகளில் ஒலி மாற்ற விதிகள் ஒழுங்காக அமையவில்லை என்பதைக் காட்டல் வேண்டும். அது கடினமான பணி. செய்யத்தக்க பணியும் அதுவே.

மூன்றாவது, மொழியுறவு மக்கள் வருகையாகத் திரிகிறது. திராவிடர் வடமேற்கினின்று இந்தியாவுக்குள் வந்தனர் என்னும் கருத்தைக் கால்டுவெல் கொண்டிருந்தது உண்மை. பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியை அவர் அதற்குச் சான்றாக்கினார். அக்கருத்தைத் தனியே ஆராய வேண்டும். ஆனால் சித்தியம் என்னும் பெயரைக் கேட்ட அளவில், தமிழரின் முன்னோர் குதிரையூர்ந்த புல்வெளி நாடோடிகள் என முடிவு கட்டுவதும், அதனை எதிர்ப்பதற்காகவே தமிழின் புறவுறவு ஆராய்ச்சி முழுவதையும் புறக்கணிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரு முகங்களும் இளம் ஆய்வாளரை ஒப்பியலினின்று விலகச் செய்கின்றன.

இம்மயக்கத்திற்குக் கால்டுவெல் பொறுப்பல்லரா என்னும் வினா எழலாம். ஓரளவு பொறுப்பே. சித்தியர் மொழி ஈரானியம் என்னும் கருத்தைக் காஸ்பர் சாய்ஸ் 1837இலேயே முன்வைத்திருந்தார்; அப்பெயரைப் பொதுப்பெயராக ஆள்வதில் இடர் உண்டு என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருக்கலாம். எனினும் தம் வழக்கில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் கால்டுவெல் தம் நூலிலேயே தெளிவாக்கினார். அவ்விளக்கத்தை விடுத்துச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது பிற்காலச் சுருக்க நூல்களின் குறை.

தமிழகத்தில் சகரின் மெய்யான சுவடு

வரலாற்றுச் சித்தியர்க்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பே இல்லையா எனின், ஒரு தொடர்பு உண்டு. அது மொழிப்பிறப்பில் இல்லை, காலக்கணிப்பில் உள்ளது. கி.பி. 78இல் தொடங்கும் ஆண்டுமுறையை மேலை இந்தியாவின் சகச் சத்திரபர்கள் இடையறாது வழங்கினர். அதனால் அது சக ஆண்டு எனப் பெயர் பெற்றுத் தக்காணத்தின் வழியாகத் தெற்கே பரவியது. பாதாமிச் சளுக்கிய மன்னன் முதலாம் புலிகேசியின் கல்வெட்டு சக ஆண்டு 465ஐ, அதாவது கி.பி. 543ஐக் குறிக்கிறது. விசயநகரக் காலத்தில் தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் சக ஆண்டு பெருவழக்காயிற்று.

திருவரங்கம் கோயிலிலுள்ள கோப்பணாரியனின் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்று. செஞ்சியிலிருந்து அரங்கன் திருமேனியை மீட்டு வந்து மீண்டும் எழுந்தருளச் செய்த நிகழ்ச்சியைக் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் செய்யுள்களால் கூறும் அக்கல்வெட்டு, எழுத்துகளால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறையில் சக ஆண்டு 1293ஐத் தருகிறது. அது கி.பி. 1371 ஆகும். வைணவ வரலாற்றின் தலையாய நிகழ்ச்சியொன்றின் காலத்தைக் காவிரிக் கரையில் நிலைநிறுத்துவது, புல்வெளி நாடோடிகளின் பெயர் தாங்கிய ஆண்டுமுறை.

இப்பெயரின் பிற்கால வரலாறு சித்தியம் என்னும் சொல்லின் வரலாற்றுக்கு இணையானது. சகரோடு பொருத சாதவாகனரின் பெயர் பின்னர் அதே ஆண்டுமுறையோடு சேர்ந்து ‘சாலிவாகன சகாப்தம்’ என வழங்கியது. அத்தொடரில் சகம் என்பது மக்களைக் குறிக்கவில்லை. ஆண்டுமுறை என்னும் பொருளையே தருகிறது. சக ஆண்டு என்னும் பொருளுடைய ‘சகாப்தம்’ இன்றைய தமிழில் எந்தவொரு பெருங்காலப் பகுதியையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. பெரியோர் ஒருவர் மறைந்தால் ஒரு சகாப்தம் நிறைவுற்றது என எழுதுவோர் சித்தியரை நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. அச்சொல்லைக் கொண்டு தமிழர் சகர் வழியினர் என எவரும் வாதிடுவதும் இல்லை. மக்கள் பெயரொன்று மக்களைவிட்டு நீங்கிப் பொதுப்பெயராதல் மொழியில் இயல்பு என்பதைச் சகாப்தத்தில் எளிதில் ஏற்பவர், சித்தியத்திலும் ஏற்றல் தகும்.

செய்யத்தக்கன

ஊர்ப்பெயராய்வாளர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். புதூர் என்னும் பெயர் தமிழகமெங்கும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் எடமலைப்பட்டி புதூர், மதுரையில் கோ. புதூர் என அடைமொழி சேர்த்தே மக்கள் அவற்றை வழங்குகின்றனர். திருச்சிராப்பள்ளியிலேயே புத்தூர் என மற்றொரு பகுதியும் உள்ளது. அடைமொழி விடுத்த கடிதம் ஊர் சேராது. புதூர்கள் அனைத்தும் ஒரே ஊரினின்று பிரிந்தவை எனப் பெயரொற்றுமை கொண்டு வாதிடுவாரும் இலர். பொதுமக்கள் ஊர்ப்பெயரில் காட்டும் இக்கவனத்தை ஆய்வாளர் கலைச்சொல்லில் காட்டுதல் வேண்டும்.

அதற்கேற்ப நான்கு வழக்குகளைப் பரிந்துரைக்கலாம். வரலாற்று மக்களைக் குறிக்கச் சித்தியர், சகர் என்னும் பெயர்களையும், அவர்தம் மொழியைக் குறிக்கச் ‘சித்திய-சக ஈரானியம்’ என்பதனையும் ஆளலாம். ஒப்பிலக்கணத்தில் வரும் தொகுதியைக் ‘கால்டுவெல் வழக்குச் சித்தியம்’ என அடைமொழியோடு எழுதி, முதல் வருகையிலேயே அது யூரலியம், துருக்கியம், மங்கோலியம் முதலியவற்றை உள்ளடக்கியது எனக் குறிப்பிடலாம். பெஹிஸ்துன் தொடர்பான இடங்களில் ஈலாமியம் என்றே எழுதி, கால்டுவெல்லின் காலத்துப் பெயரைக் குறிப்பில் தரலாம். ரிஸ்லியின் வகைப்பெயரை ஆராய்ச்சி வரலாறாக மட்டும் மேற்கோள் காட்டலாம்.

இவற்றோடு ஒப்பிலக்கணப் பதிப்புகளிலும் கவனம் வேண்டும். ஆசிரியர் மறைவுக்குப்பின் 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, முன்னைப் பதிப்பின் சில பகுதிகளை நீக்கியது. அதனை மட்டும் கண்டு கால்டுவெல்லின் கருத்தை முழுதும் அறிந்ததாகக் கொள்ளல் பொருந்தாது. 1856, 1875ஆம் ஆண்டுப் பதிப்புகளை ஒப்புநோக்கி, சித்தியம் என வரும் ஒவ்வோரிடத்திலும் எம்மொழி சுட்டப்படுகிறது என்பதைப் பொருளடைவாகத் தொகுப்பது முனைவர் பட்ட ஆய்வொன்றுக்குத் தக்க பொருள். ‘நீ’ என்னும் ஒப்புமை எதனோடு காட்டப்பட்டது, உயிரொலி இயைபு எதனோடு காட்டப்பட்டது எனப் பிரித்தறிந்தாலன்றி, கால்டுவெல் கண்டவற்றுள் நிலைத்தன எவை, வீழ்ந்தன எவை என எவரும் கூற இயலாது.

நிறைவுரை

கால்டுவெல்லின் நூல் தமிழாய்வின் அடித்தளங்களுள் ஒன்று. அதனைப் போற்றுவோரும் மறுப்போரும் அதன் சொற்களை அவை எழுதப்பட்ட பொருளில் படித்தல் வேண்டும். சித்தியர் தம் மொழியில் எழுதி வைத்துச் செல்லாத மக்கள். தம்மைப் பற்றிப் பிறர் கூறிய பிழைகளைத் திருத்தும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. தமிழ் அவ்வாறன்று, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டு வரும் மொழி. அதன் உறவுகளைத் தேடும் ஆராய்ச்சி ஒரு கடன்பெயரின் மயக்கத்தில் தங்கிவிடுதல் தகாது. ‘திராவிட மொழிகள் சித்தியக் குடும்பத்தைச் சார்ந்தவை என்றார் கால்டுவெல்’ என்னும் வரியை இனி எழுதுவோர், ‘எந்தச் சித்தியம்’ என்னும் வினாவுக்கான விடையையும் அதனோடு சேர்த்தே எழுதுவாராக.